சிறுநீரக நோயாளியின் கறிச்சட்டி

வவுனியாவுக்குத் தெற்கே, அநுராதபுர மாவட்ட எல்லையை அண்டிய கிராமம் ஒன்றிலே எனக்குப் பழக்கமான கமக்காரர் ஒருவர் வாழ்கிறார். அவருடைய மூத்த மகள் என்னிடம் விஞ்ஞானம் படித்தவள். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் கண்டிருப்பதாக வைத்தியசாலையிலே சொன்னார்கள். மருந்துகளைக் கொடுத்தார்கள், கூடவே ஒரு தாளையும் கொடுத்தார்கள். அந்தத் தாளை நான் கையிலே வாங்கிப் படித்திருக்கிறேன். 'தவிர்க்க வேண்டியவை' என்ற தலைப்பின்கீழ் கீரை வகை, கிழங்கு வகை, வாழைக்காய், பலாக்காய், ஈரப்பலாக்காய், பூசணி, தக்காளி, பருப்பு, பழவகை என்று பட்டியல் நீண்டு சென்றது. அந்தக் கிராமத்தவர் எவரும் கண்ணாலும் கண்டிராத அஸ்பரகசும் அதிலே இடம்பெற்றிருந்தது. உண்ணத்தக்கவை என்று குறிக்கப்பட்டவை நான்கைந்தே. எவ்வளவு உண்ணலாம், எப்படிச் சமைக்கலாம், நோயின் எந்தக் கட்டத்தில் இருப்பவருக்கு இது பொருந்தும் என்பவை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அம்மனிதர் தாளை நம்பினார். நம்பாமலிருக்க அவருக்கு என்ன நியாயம் உண்டு? கண்ணிலே பட்டால் வாய் கேட்கும் என்று சொல்லி, முற்றத்திலே நின்ற முருங்கையைத் தறித்தார். அன்று தொடக்கம் வெள்ளைச் சோறும் ரின்மீன் குழம்பும் மாசிச் சம்பலும், அவசரத்துக்குப் பக்கற்றிலே வரும் நூடில்சும் அவருடைய உணவாயின. ஓராண்டிலே உடல் வற்றியது, மலச்சிக்கல் வாட்டியது, கால்கள் வீங்கின. தாள் சொன்னபடி நடந்தும் ஏன் இப்படி ஆயிற்று என்று அவர் என்னைக் கேட்டார். அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். கிரியேற்றினின் அளவு பல பக்கங்களிலே எழுதப்பட்டிருந்தது. குருதியிலுள்ள பொட்டாசியத்தின் அளவோ ஒரேயொரு முறைதான் பதியப்பட்டிருந்தது. அதுவும் தாள் கொடுக்கப்படுவதற்கு முன்னர். அந்த எண் 4.4. நலமுள்ள மனிதனுக்கு இருக்கவேண்டிய அளவு லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை.

பொட்டாசியம் அளவோடு இருந்த ஒருவரிடமிருந்து, பொட்டாசியத்துக்கு அஞ்சி, மரக்கறி முழுவதையும் பறித்தெடுத்த தாள் அது. அந்தத் தாளுக்கும், அதனை எழுதுவிக்கும் மனோபாவத்துக்கும் எதிராகவே இதனை எழுதுகிறேன்.

ஆபத்தே இல்லை என்று நான் வாதிக்க வரவில்லை. உடல் வெளியேற்றும் பொட்டாசியத்திலே 100க்கு 90 பங்கு சிறுநீரகத்தின் வழியாகவே செல்கிறது. அந்த வழி அடைபடும்போது அது குருதியிலே தேங்குகிறது. அளவு 6ஐத் தாண்டிச் சென்றால் இதயத்தின் துடிப்பு குலையலாம். முன்னறிவிப்பு ஏதுமின்றி நின்றும் போகலாம். குருதிச் சுத்திகரிப்புக்குச் செல்லும் நோயாளி, சிறுநீர் அற்றுப்போன நோயாளி, நீரிழிவும் சேர்ந்த நோயாளி, எனலாப்பிரில் அல்லது லோசார்ட்டன் போன்ற மாத்திரைகளை எடுக்கும் நோயாளி ஆகியோர் இவ்விடயத்திலே மிகவும் கவனமாக இருக்கவேண்டியவர்கள். அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் காப்பவை; அதே வேளையில் பொட்டாசியத்தைக் கூட்டுபவை. அவற்றை எழுதிக் கொடுக்கும் கை, குருதிப் பரிசோதனையையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவத்தின் அரிச்சுவடி.

ஆனால், இந்தக் கவனம் எல்லா நோயாளிக்கும் எல்லாக் கட்டத்திலும் ஒரே தடையாக மாறியது எங்ஙனம்? இயந்திரத்திலே குருதியைச் சுத்திகரித்து உயிர்வாழும் ஒருவருக்கு வகுத்த விதியை, நோயின் இரண்டாம் மூன்றாம் கட்டத்திலே நின்று நாள்தோறும் வயலுக்குச் செல்லும் ஒருவரின் தலையிலும் சுமத்தியிருக்கிறார்கள். இதனை விஞ்ஞானம் என்று சொல்லி ஏமாற்ற முடியாது. விஞ்ஞானம் வேறு திசையிலே நடந்து சென்றுவிட்டது. அமெரிக்கத் தேசிய சிறுநீரக நிறுவனம் 2020இல் திருத்தி வெளியிட்ட உணவு வழிகாட்டி, பொட்டாசியத்துக்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் உச்ச அளவை விதிக்கவில்லை. குருதியிலுள்ள அளவைப் பார்த்து உணவைக் கூட்டியோ குறைத்தோ அமைத்துக்கொள்ளுமாறு கூறுகிறது. நோயின் முதல் நான்கு கட்டங்களிலுள்ளோர் காய்களையும் பழங்களையும் கூடுதலாக உண்பது உடல் எடைக்கும் குருதியமுக்கத்துக்கும் உடலிலே சேரும் அமிலத்துக்கும் நன்மை தரக்கூடும் என்றும் சொல்கிறது. 2024இல் வெளியான அனைத்துலக வழிகாட்டியும் தாவர உணவைக் கூட்டுமாறும், ஆலைகளிலே பலவாறு பதப்படுத்திய பண்டங்களைக் குறைக்குமாறும் அறிவுறுத்துகிறது. பொட்டாசியம் முன்னர் உயர்ந்திருந்தவர்களுக்கே கட்டுப்பாட்டைப் பேசுகிறது.

அமிலம் என்று சொன்னேன். சிறுநீரகம் தளரும்போது உடலிலே அமிலம் மிகுகிறது. அது தசையையும் எலும்பையும் அரிக்கிறது. இதற்குச் சோடா உப்பை மாத்திரையாகக் கொடுப்பது வழக்கம். டெக்சாஸ் மாநிலத்திலே கொராயா, வெசன் ஆகியோர் நான்காம் கட்ட நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அந்த மாத்திரையையும் மறு பிரிவினருக்குக் காய் பழங்களையும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவு என்ன? காய் பழம் உண்டவர்களுக்கும் அமிலம் குறைந்தது, பொட்டாசியம் உயரவில்லை. பொட்டாசிய உயர்வுக்கு இடமில்லாதவர்களையே தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்தத் தெரிவை எப்படிச் செய்தார்கள்? குருதியைச் சோதித்துத்தான். நமது கமக்காரரின் கொப்பியிலே இல்லாமற்போனதும் அதுதான்.

பரிசோதனை செலவுள்ளது, தாள் மலிவானது. முழு விவகாரமும் இந்த ஒரு வேற்றுமையிலே அடங்கியிருக்கிறது. மாதந்தோறும் ஒரு துளி குருதியைச் சோதித்து, 'ஐயா, உங்களுக்கு இந்த மாதம் இவ்வளவு. ஆகவே இதனை இவ்வளவு உண்ணுங்கள்' என்று சொல்வதற்கு ஆள் வேண்டும், இரசாயனப் பொருள் வேண்டும், நேரம் வேண்டும். அவற்றைக் கொடுக்க மனமில்லாத அமைப்பு, தன் சிக்கனத்தை நோயாளியின் வயிற்றிலே நடத்துகிறது. பின்னர் நோய் முற்றினால், 'உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கவில்லை' என்று குற்றத்தையும் அவன்மீதே போடுகிறது. தாதிமாரையும் இளம் வைத்தியர்களையும் நான் இங்கு நோகவில்லை. வரிசையிலே இருநூறு பேர் நிற்கும்போது ஒரு மனிதர் செய்யக்கூடியது தாளை நீட்டுவதுதான். அவர்களையும் அந்நிலைக்குத் தள்ளியது எது என்று கேட்கிறேன்.

இந்த இடத்திலே ஒரு மறுமொழி வரும். நான் அதனைப் படித்தவர்கள் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். "கிராமத்துச் சனங்களுக்கு நுணுக்கம் விளங்காது. 'சிறிது உண்ணலாம்' என்றால் சட்டி நிறைய உண்பார்கள். ஆகவே முற்றாகத் தடுப்பதே பாதுகாப்பு." இதிலே இருப்பது பாதுகாப்பா, இளக்காரமா?

நுணுக்கம் விளங்காத சனங்களாம்! மரவள்ளிக் கிழங்கிலே நஞ்சு உண்டு என்பதை இந்நாட்டுக் கிராமத்தவர் ஆய்வுகூடத்திலே கற்கவில்லை. மூடாத பானையிலே நிறைய நீர்விட்டு அவித்து, அந்த நீரை வடித்து ஊற்றிவிட்டே கிழங்கை உண்ணவேண்டும் என்பது எங்கள் பாட்டிமாருக்குத் தெரியும். கருணைக்கிழங்கின் காறலைப் புளியால் அடக்கத் தெரியும். சோற்றை வடிக்கத் தெரியும். பொட்டாசியம் நீரிலே கரைவது. காயை அவித்து நீரைக் கொட்டினால் அதன் பெரும்பகுதி நீரோடு போகிறது. நோயாளிக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டிய பாடம் முழுவதும் அந்த மரவள்ளிப் பானைக்குள்ளேயே இருக்கிறது. 'மரவள்ளிக்குச் செய்வதை மற்றக் காய்க்கும் செய்யுங்கள்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த முருங்கை நின்றிருக்கும்.

அந்தப் பாடத்தைச் சற்று விரித்தே சொல்கிறேன். ஆசிரியர்கள் வகுப்பிலே சொல்வதற்கு உதவும். காயையோ கிழங்கையோ தோல் சீவி, இயன்றவரை சிறிதாக அரியவேண்டும். காயைப் போலப் பல மடங்கு நீரிலே அவித்து, நீரை வடித்துவிட்டு, பின்னர் புது நீரிலோ சிறிது எண்ணெயிலோ கறியாக்க வேண்டும். வடித்த நீரைச் சொதிக்கோ இரசத்துக்கோ எடுக்கக் கூடாது. வெறுமனே பச்சைத் தண்ணீரிலே ஊறப்போட்டு வைப்பதை நம்பியிருக்கக் கூடாது. பெத்கே, ஜான்ஸ்கி ஆகியோர் உருளைக்கிழங்கை வைத்துச் செய்த 2008ஆம் ஆண்டு ஆய்விலே, ஊறவைத்ததால் மட்டும் பொட்டாசியம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. துண்டுகளாக வெட்டி அவித்தபோது ஏறக்குறைய பாதியும், சீவலாக்கி அவித்தபோது ஏறக்குறைய முக்காற் பங்கும் குறைந்தன. பொரிப்பதிலும் ஆவியில் அவிப்பதிலும் இந்தப் பயன் கிடையாது. கொட்டுவதற்கு அங்கே நீர் இல்லை.

நாம், ஆசிரியர்கள், இங்கே ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'காய்கறி அவித்த நீரைக் கொட்டாதே; சத்து வீணாகும்' என்று தலைமுறை தலைமுறையாகக் கரும்பலகையிலே எழுதியவர்கள் நாம். நலமுள்ள பிள்ளைக்கு அது சரியான பாடம். அப்பிள்ளையின் வீட்டிலே சிறுநீரக நோயாளி ஒருவர் இருந்தால், அவருடைய பங்குக்கு அது பிழையான பாடம். என் மாணவி தன் தாயாரோடு இதற்காகவே சண்டை பிடித்திருக்கிறாள்: "ரீச்சர் சொன்னவ, தண்ணியை ஊத்தக் கூடாதாம்." அந்த ரீச்சர் நான்தான்.

எல்லாக் காயும் ஒன்றல்ல என்பதையும் அந்தத் தாள் மறைத்துவிட்டது. 100 கிராம் சமைக்காத கீரையிலே ஏறக்குறைய 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. உருளைக்கிழங்கிலே ஏறக்குறைய 420. சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய், வெங்காயம் ஆகியவற்றிலே 150ஐ ஒட்டியே இருக்கிறது. கோவாவிலே சற்றுக் கூட. பயற்றங்காயும் கத்தரிக்காயும் நடுத்தரம். வயல் வரம்பிலும் வேலியிலும் விளையும் மலிவான காய்கள் பல பாதுகாப்பான பக்கத்திலேயே நிற்கின்றன. இவற்றை நாள்தோறும் மாற்றி மாற்றி ஒரு கோப்பை அளவிலே உண்பதற்கு, 4.4 என்ற எண்ணையுடைய மனிதருக்கு என்ன தடை? கீரையைக்கூட அவித்துப் பிழிந்து வறையாக்கிச் சிறிதளவு உண்ணலாம். அடுத்த பரிசோதனையிலே எண் ஏறினால் குறைக்கலாம். நார்ச்சத்து கிடைத்தால் மலச்சிக்கல் நீங்கும். சிறுநீரகம் தளர்ந்த உடல் பொட்டாசியத்திலே ஒரு பங்கைக் குடலின் வழியாகவே வெளியேற்ற முயல்கிறது; மலச்சிக்கலோ அந்த வழியையும் அடைக்கிறது. மரக்கறியை முற்றாக நிறுத்தியதாலேயே பொட்டாசியம் ஏறுவதற்கும் இடமுண்டு என்பது தாள் எழுதியவருக்குத் தோன்றவில்லை போலும்.

மரக்கறி போன இடத்தை நிரப்பியது எது என்பதையும் பாருங்கள். ரின்மீன், மாசி, பக்கற் நூடில்ஸ், சூப்புக் கட்டி! இவற்றிலே உப்பு நிறைந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நலமுள்ளவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைத்தான் விதிக்கிறது. கமக்காரரின் கால் வீங்கியதற்கு முருங்கைக்கீரையா காரணம்? ஆலைப் பண்டங்களிலே சேர்க்கும் பொசுபேற்று உப்புகளோ ஏறக்குறைய முழுமையாகவே உடலிலே ஏறுகின்றன. பருப்பிலும் பயறிலும் இயற்கையாக உள்ள பொசுபரசிலே பாதிக்கும் குறைவான பங்கே ஏறுகிறது. இருந்தும் தாள் பருப்பைத் தடுத்தது. சொசேஜசைப் பற்றி வாய் திறக்கவில்லை. பருப்பு விற்பவனுக்கு விளம்பரம் இல்லை. இப்போது 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒன்று நகரத்துக் கடைகளிலே ஆரோக்கியப் பண்டமாக விற்பனையாகிறது. அதிலே சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம் குளோரைட்டு. 2025இல் இத்தகைய உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது என்று தெளிவாகவே விலக்கியது. கீரைக்கு அஞ்சுகின்ற நோயாளி இதனை நல்லதென்று எண்ணி வாங்கிக் கொட்டிக்கொள்ளலாம்.

தாளின் மீது அதிருப்தி கொண்டவர்களைக் கவ்விக்கொள்ளக் காத்திருக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. 'மருந்தை எறியுங்கள், இயற்கையே வைத்தியன்' என்று முழங்கும் கூட்டம் அது. வாழைத்தண்டுச் சாறு குடி, கீரைச் சாறு குடி, நாளும் இளநீர் குடி என்பது இவர்களுடைய உபதேசம். சிறுநீரகக் கல்லுக்கு நாட்டு வைத்தியம் சொன்னவற்றை, சிறுநீரகம் செயலிழப்பதற்கும் மருந்தென்று மாற்றி விற்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு நோய்கள். இளநீரிலே 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. பெரிய செவ்விளநீர் ஒன்றைக் குடித்தால் ஏறக்குறைய 1 கிராம் உள்ளே போகிறது. சாறாக்கும்போது அவித்துக் கொட்டும் வாய்ப்பும் இல்லை.

இவற்றையும்விடக் கொடியது காமரங்காய். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போலிருக்கும் அந்தப் பழத்தின் சாற்றை நீரிழிவுக்கு நல்லதென்று நம்பிக் குடிப்போர் நம் நாட்டிலே உள்ளனர். அதிலுள்ள ஒட்சலேற்று சிறுநீரகத்திலே பளிங்காகப் படிகிறது. அதிலே நரம்பைத் தாக்கும் நஞ்சும் இருப்பதை 2013இல் பிரேசில் விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டி, கரம்பொக்சின் என்று பெயரிட்டார்கள். நலமுள்ள சிறுநீரகம் அதனை வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகமோ வெளியேற்றாது. விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, சில வேளைகளிலே மரணம். அதன் இனத்தைச் சேர்ந்த பிலிம்பிக்காயின் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்கள் கேரளத்திலும் இலங்கையிலும் உண்டு. எந்த அளவிலும், எப்படிச் சமைத்தும் கூடாது என்று பெரிய எழுத்திலே அச்சிட வேண்டியது இவற்றைத்தான். நான் பார்த்த தாளிலே அஸ்பரகஸ் இருந்தது, காமரங்காய் இல்லை!

இந்நோய் நம் மண்ணிலே வெறும் சமையற்கட்டுப் பிரச்சினை அன்று. 1990களின் நடுப்பகுதியிலிருந்து மதவாச்சி, பதவியா முதலிய இடங்களிலே, நீரிழிவோ குருதியமுக்கமோ இல்லாத நெற்செய்கையாளர்களைச் சிறுநீரக நோய் கொண்டுபோகத் தொடங்கியது. வவுனியா மாவட்டமும் தப்பவில்லை. நீர், வெப்பம், விவசாய இரசாயனம், கட்மியம் என்று பல காரணங்கள் ஆராயப்பட்டும் முடிந்த முடிவு இன்னும் எட்டப்படவில்லை. ஆனால், நோயாளியின் பெயரைப் பயன்படுத்துவதிலே மட்டும் ஆட்சியாளர்கள் தாமதித்ததில்லை. 2015இல் கிளைபோசேற்றைத் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். 2021இல் கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் ஒரே இரவிலே இரசாயன உரத்தை நிறுத்தியபோதும் சிறுநீரக நோயாளியே முன்னால் நிறுத்தப்பட்டார். அவ்வாண்டு நவம்பரிலே அத்தடை கைவிடப்பட்டது. அதற்குள் விளைச்சல் வீழ்ந்திருந்தது. 2022 செப்ரெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். எந்த நோயாளியின் பெயரால் வயலிலே கைவைத்தார்களோ, அந்த நோயாளி கோவாவையும் போஞ்சியையும் சந்தையிலே விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். தாளும் சந்தையும் சேர்ந்து ஒரே தட்டை வெறுமையாக்கின.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. கிளினிக்கிலே கிரியேற்றினின் பார்க்கும்போதெல்லாம் பொட்டாசியமும் பார்க்கப்பட வேண்டும். அந்த எண் நோயாளியின் மொழியிலே அவருக்குச் சொல்லப்பட வேண்டும். குருதிக் குழாய் நெடுந்தூரம் சென்று தாமதித்துச் சோதிக்கப்பட்டால் எண் பொய்யாகவே உயர்ந்து காட்டும்; ஆகவே பரிசோதனை கிராமத்துக்கு அருகிலேயே நடக்க வேண்டும். தாள் வேண்டுமென்றால் இங்கு விளையும் காய்களின் பெயரோடு, சமைக்கும் முறையோடு, நோயின் கட்டத்துக்கு ஏற்ப, தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். அதனை எழுதுமுன் கிராமத்துத் தாய்மார் நாலு பேரை அழைத்துக் கேட்கட்டும்.

கமக்காரரின் கதையை முடிக்கவில்லை. அவரை வற்புறுத்தி மீண்டும் குருதி சோதிக்கச் செய்தோம். எண் 4.6. அங்கே புதிதாக வந்திருந்த இளம் வைத்தியர் ஒருவர் கொப்பியைப் பார்த்துவிட்டு, மரக்கறியை அவித்து வடித்து உண்ணலாம், ரின்மீனை விடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்று மாலை நான் அவர்கள் வீட்டிலே உட்கார்ந்து, காயைச் சிறிதாக அரிந்து நிறைய நீரிலே அவிக்கும் முறையை அவருடைய மனைவிக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தத் தண்ணியிலை, ரீச்சர்?" என்றார்.

கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. குடிப்பதும் சமைப்பதும் ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரிலே. அதனை அவர் இரண்டு மைல் சைக்கிளிலே சென்று, கான் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கி வருகிறார். காயை அவித்துக் கொட்டுவதற்கு அந்த நீரிலேயே ஒரு பானை வேண்டும், நாள்தோறும் வேண்டும். இயந்திரம் அந்த வாரம் பழுதாகிக் கிடந்தது. மறுநாள் பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். கையொப்பமிட்டவர்கள் முப்பத்தொரு பேர். அவர்களிலே ஒன்பது பேர் நோயாளிகள்.